கிளிப்பச்சைப் பை போன வழி

பழந்துணிக்குக் கால் முளைத்த கதையை எங்கள் வளவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லி முடித்ததும், அடுத்த வீட்டில் இதையே வேறு மாதிரி சொல்வார்கள், நம்பிவிடாதே என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் வளவு அப்படிப்பட்டது. ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாக நிற்கும் வீடுகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அத்தனை வீட்டுக்கும் தும்மல் வரும். ஒரு வீட்டில் மீன் வாங்கினால் எதற்கு வாங்கினார்கள், யார் வந்திருக்கிறார்கள், வந்தவர் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்பது வரை மற்ற வீடுகளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது.

அந்த வளவின் கடைசி வீட்டில் இருந்தவள் உலகம்மாள். கீழக்கடையத்திலிருந்து பேட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவள் புருஷன் பெயர் குத்தாலம், ரைஸ்மில்லில் மூட்டை எடை போடுகிற வேலை. அந்த வேலையால் அப்படி ஆனானா, அப்படிப்பட்டவன் என்பதால் அந்த வேலை கிடைத்ததா தெரியாது, அவன் எதையும் நம்பமாட்டான். கடையில் கட்டிக்கொடுத்த சீனிப் பொட்டலத்தை வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பான். உலகம்மாள் சிரித்தால் எதற்குச் சிரித்தாள் என்று யோசிப்பான், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசிப்பான், கோலம் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் யார் வரப்போகிறார்கள் என்று கேட்பான்.

உலகம்மாள் எதையும் தூரப் போடமாட்டாள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து நறுக்கிப் பின்னிப் பாயாக்குவாள், கல்யாணப் பத்திரிகையை மடித்து ஒட்டி நகைப்பெட்டியாக்குவாள், உடைந்த வளையலுக்கு உல்லன் நூல் சுற்றி நிலைக்கு மேலே தோரணமாகத் தொங்கவிடுவாள், சிரட்டையில் மண்ணைப் போட்டு ஓமவல்லி வளர்ப்பாள். இந்தப் பழக்கம் அவளுக்கு டெய்லர் கடை வெட்டுத்துணியில் தொடங்கியது. பிள்ளையில்லாத வருசங்களில் பல நாள் சாயங்காலம் ஒரு மூட்டை வெட்டுத்துணியோடு தலைவாசலில் நுழைவாள். "எங்க போயிருந்த?" என்று குத்தாலம் கேட்பான். "டெய்லர் கடைக்கு" என்று மூட்டையைக் காட்டுவாள். கொண்டுவந்ததை என்ன செய்வது? உட்கார்ந்து கால்மிதி பின்னினாள், தலையணை உறை தைத்தாள், மிக்சிக்குச் சட்டை போட்டாள். கடையத்துக்காரிக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம், பேசிக்கொண்டே ஆளுக்கொரு கால்மிதி இலவசமாக வாங்கிக்கொண்டோம்.

வெட்டுத்துணி யாரும் உடுத்தாத புதுத்துணி, அதில் செய்தது எதுவும் செய்த இடத்தில் கிடந்தது. உடுத்திக் கழித்த துணியில் அவள் முதல்முதலாக, வெட்டுத்துணிக்கும் முன்னாலேயே, தைத்தது ஒரு பிடிதுணி. குத்தாலத்தின் கிழிந்த கட்டம் போட்ட சட்டையை நாலாக மடித்து, சோற்றுப் பானையைப் பிடித்து வடிப்பதற்காகத் தைத்தது. அடுப்பு ஒரு மூலையில் இருக்க, அந்தப் பிடிதுணி எந்நேரமும் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். காயப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். எங்களை மாதிரி விவரமானவர்களுக்கே அதற்குமேல் நினைக்கத் தோன்றவில்லை.

கடைகளில் பாலிதீன் கவர் கொடுப்பதை நிறுத்திய வருசம் அது. எல்லாருக்கும் பை தேவைப்பட்டது. முன்வீட்டுச் சண்முகவடிவு, தன் புருஷன் ஆறுமுகநயினாரின் நைந்துபோன காக்கி பேண்ட்டைக் கொண்டுவந்து உலகம்மாளிடம் போட்டாள். ஆறுமுகநயினார் பஸ் கண்டக்டர், காக்கி என்றால் கெட்டித்துணி, தேங்காய் போட்டாலும் தாங்கும். உலகம்மாள் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து அவள் பக்கமே தள்ளினாள்.

"மைனி, இதுல பை வேண்டாம். வெட்டுத்துணில வேற நல்லதா தச்சுத் தாரேன்."

"ஏளா, என் வீட்டுத் துணியத் தைக்க ஒனக்கு என்ன சடவு? எனக்கு இதுலதான் வேணும்" என்றாள் சண்முகவடிவு. தைத்துக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சண்முகவடிவு பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினாள். மார்க்கெட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். பை இடது பக்கம் திரும்பியது. அவள் வலது பக்கம் இழுத்தாள், பை இடது பக்கம் இழுத்தது, சந்தைக்குப் போகிற கன்றுக்குட்டியோடு மல்லுக்கட்டுகிற மாதிரி நடுரோட்டில் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பார்த்தாள், ஆட்கள் நின்று பார்க்கத் தொடங்கியதும் மானம் போகிறதே என்று அதன் போக்கில் விட்டாள். பை அவளை வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, மாவு மில்லைத் தாண்டி, முருங்கை மரம் நிற்கிற ஒரு வீட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அது ஆறுமுகநயினாரின் அண்ணன் வீடு. பாகம் பிரித்த காலத்திலிருந்து அந்த வீட்டோடு இவர்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அந்த வாசலை மிதித்தால் என் பிணத்தைத் தாண்டித்தான் மிதிக்க வேண்டும் என்று சண்முகவடிவு எங்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருந்தாள். உள்ளே ஆறுமுகநயினார் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டிருந்தார். சண்முகவடிவு பையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதலில் கிடைத்த ஆட்டோவைப் பிடித்து, ரோடு முழுக்கத் திட்டிக்கொண்டே வளவுக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்தப் பையைச் சணலால் ஆணியில் கட்டிப் போட்டாள், புருஷனோடு பேச்சை நிறுத்தினாள்.

துணி துணியாக இருக்கும்வரை பெட்டிக்குள் சும்மா கிடக்கும், வேறொன்றாக ஆனதும் அதற்குத் தான் போன வழியெல்லாம் ஞாபகம் வந்துவிடும். இதை யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. பால் பொங்கினால் இறக்க வேண்டும் என்று மட்டும் யார் விளக்கிச் சொன்னார்கள்? ஒரு தடவை நடந்தது, இனி அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்துபோயிற்று. எப்படி நடந்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. யாருடைய துணியை அடுத்துத் தைக்கக் கொடுக்கலாம் என்பதில்தான் எல்லார் மூளையும் ஓடியது.

அதற்குப் பிறகு உலகம்மாள் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம் ஓயவில்லை. புருஷன் சட்டையோடு வந்தார்கள், மகன் பேண்ட்டோடு வந்தார்கள், மருமகள் சுடிதாரோடு மாமியார் வந்தாள், அந்த மாமியாரின் சேலையோடு பின்னாலேயே மருமகள் வந்தாள், செத்துப்போன மாமனாரின் வேட்டியோடு ஒருத்தி வந்தாள், செத்தவர் எங்கே போனால் உனக்கென்ன என்று கேட்டதற்கு, சும்மா தெரிஞ்சுக்கத்தான் என்றாள். பைகள் ஒவ்வொன்றும் ஆளை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு பை அடகுக்கடைக்குப் போயிற்று, ஒரு பை ஒயின்ஷாப்புக்குப் போயிற்று, அது எங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் யாரும் மதிக்கவில்லை. ஒரு பை தினமும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னவனின் பார்க் பெஞ்சுக்குப் போயிற்று. சுடிதார்ப் பை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகாமல் ஜங்ஷன் பக்கம் ஒரு ஜூஸ் கடைக்குப் போயிற்று. பை போய் நின்றதும் பையைப் பறித்துச் சுருட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வளவுக்கு வந்து, முற்றத்தில் நின்று ஊரைக் கூட்டுவது என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆண்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? பழைய சட்டையைக் கொல்லையில் வைத்து எரித்தார்கள். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளி கொடுக்கிற வியாபாரியைத் தலைவாசலிலேயே மறித்து, துணியை எங்கே கொண்டுபோகிறாய், யாரிடம் கொடுப்பாய் என்று சட்டையைப் பிடித்தார்கள், அவன் அதன்பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. சிலர் புத்திசாலித்தனமாக ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள், அதனால் ஒருத்தி தன் புருஷன் சட்டையென்று தைத்த பை எதிர்வீட்டுக்காரன் போன இடத்தைக் காட்டிக் கொடுத்து, சம்பந்தமில்லாத இரண்டு குடும்பத்தில் அடிதடி நடந்தது. துவைக்கிற கல்லில் வேட்டியைத் தாங்களே துவைத்துக்கொள்கிற ஆண்களை எங்கள் வளவில் அப்போதுதான் முதலில் பார்த்தோம். இவர் என்ன திடீரென்று துவைக்கிறார் என்று அதற்கும் சந்தேகப்பட்டோம்.

உலகம்மாள் ஒவ்வொருத்தியிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டாள்:

"மைனிமாரே, பை போன இடத்தத்தான் எல்லாரும் சொல்லுதிய. அங்கேருந்து அது எப்படித் திரும்பி வந்துச்சுன்னு ஒருத்தராவது நின்னு பாத்தியளா?"

வந்த வழியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சண்முகவடிவுக்குத்தான் சுருக்கென்றது.

"ஏளா, ஊரு துணியெல்லாம் தச்சியே, ஒங்க வீட்டுத் துணி எங்க போவுதுன்னு நீ சொல்லவேயில்லயே?"

"எங்க வீட்டுத் துணி எங்கயும் போவாது மைனி. வீட்டத்தான் சுத்திக்கிட்டு கெடக்கும்" என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

இந்தச் சமயத்தில்தான் அவள் உண்டானாள். இத்தனை வருசம் கழித்தா என்று முதலில் சந்தோசப்பட்டோம், இத்தனை வருசம் கழித்து எப்படி என்று பிறகு யோசித்தோம். பெண் குழந்தை பிறந்தது, மூக்கு அச்சு அசலாகக் குத்தாலம். அதனால் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணியில் தொட்டில் கட்டமாட்டார்கள். புதுத்துணி உடம்பை அறுக்கும், அதோடு கண்ணும் படும். தாய் உடுத்தி உடுத்திப் பஞ்சாகிப்போன பருத்திச் சேலைதான் தொட்டிலாகும். உலகம்மாளிடம் அப்படி ஒரு கிளிப்பச்சைச் சேலை இருந்தது. பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற அன்று வளவே அவள் வீட்டில் இருந்தது. அவளுடைய அம்மா வரமுடியாமல் போனதால் சண்முகவடிவே முன்னால் நின்று அந்தச் சேலையில் பாதியைக் கிழித்துக் கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டு, பிள்ளையைக் கிடத்தி, தாலாட்டு பாட வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை.

தொட்டில் நேரே தொங்கவில்லை. கொக்கியிலிருந்து வடக்குச் சுவரைப் பார்த்துச் சாய்ந்து, காற்றில் ஒதுங்கின திரை அப்படியே நின்றுவிட்ட மாதிரி நின்றது. பிள்ளை அதற்குள் சுகமாகத் தூங்கியது. சண்முகவடிவு தொட்டிலை இந்தப் பக்கம் இழுத்து விட்டாள், மறுபடி வடக்கே போய் நின்றது. ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. தொட்டில் ஆடினால் கொக்கி கிரீச் கிரீச் என்று சத்தம் போடும், எங்கள் வளவுப் பிள்ளைகளெல்லாம் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் அன்று சத்தமே இல்லை.

"இந்தச் சேலை யாருது?" என்று சண்முகவடிவு கேட்டாள், தெரிந்துகொண்டே.

"எனக்குள்ளதுதான்" என்றாள் உலகம்மாள்.

வடக்கே என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வடக்கே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், கடைசியில் எல்லாரும் குத்தாலத்தின் முகத்தைப் பார்த்தோம். அவன் முகம் கறுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எங்களுக்குப் பாவமாக இருந்தது என்று சொல்வது பொய். என்ன செய்யப்போகிறான் என்று பார்க்க ஆவலாக இருந்தது.

"இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு எங்க போன?" என்றான்.

"டெய்லர் கடைக்கு."

"டெய்லர் கடை மேற்க இருக்கு."

குத்தாலம் மீதிப் பாதிச் சேலையை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"இதுல ஒரு பை தை. அது எங்க போவுதோ அங்க நான் போறேன். அங்க எவனாவது இருந்தாம்னா, நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு கடையத்துக்குப் போயிரு. திரும்ப இந்த வாசப்படி ஏறாத."

பிள்ளை பெற்ற உடம்பு, இன்னும் முகத்தில் மஞ்சள் பூசியிருந்தது. அவள் அழுவாள், கும்பிடுவாள், யாராவது நடுவில் விழுந்து தடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தோம். அவள் மிஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் அத்தனை பேர் கண் முன்னாலும் அந்தப் பையைத் தைத்தாள். கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போட்டாள், அடிப்பக்கம் தைத்ததை மறுபடி ஒரு தடவை ஓட்டினாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு பையை அவன் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பை எங்கன நிக்குதோ அங்கன நில்லுங்க. அது இருந்தா நீங்களும் இருங்க. அது திரும்புச்சுன்னா நீங்களும் கூடவே திரும்புங்க. மத்தவிய மாதிரி நடுவுல உருவிக்கிட்டு ஆட்டோவுல ஏறி வந்தியள்னா, நீங்க என்னப் போகச் சொல்ல வேண்டாம், நானே பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்."

பை அதற்குள் வடக்கே இழுக்கத் தொடங்கிவிட்டது. குத்தாலம் பின்னாலேயே போனான்.

நாங்களும் போனோம். ஒருத்தி கறிவேப்பிலை வாங்கப் போனாள், ஒருத்தி மாத்திரை வாங்கப் போனாள், ஒருத்திக்குச் சும்மாவே நடக்க வேண்டும் போல இருந்தது. முழங்கால் வலிக்கிற சண்முகவடிவு மட்டும் தலைவாசலில் நின்றுகொண்டு, வந்ததும் முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பை ஊர்ந்து போகிற மாதிரி போயிற்று. ஒவ்வொரு மூலையிலும் நின்றது, யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி நின்றது, பிறகு நடந்தது. இதைப் பார்த்ததும் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. திருட்டு நடை என்றால் இதுதான் என்று கறிவேப்பிலை வாங்க வந்தவள் காதோடு சொன்னாள்.

ஸ்டேஷனில் வாதாமரத்தடி பெஞ்சில் பை போய் உட்கார்ந்தது. குத்தாலமும் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் பிளாட்பாரத்தில் வருகிற போகிற ஒவ்வொரு ஆணையும் எடை போடுகிற மாதிரி பார்த்தான்: போர்ட்டரைப் பார்த்தான், டீ விற்கிறவனைப் பார்த்தான், தலைக்குச் சாயம் பூசின ஒரு வாத்தியாரைக் கண்ணெடுக்காமல் பார்த்தான், அவர் பயந்துபோய் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். யாரும் அந்தப் பைக்கு முன்னால் வந்து நிற்கவில்லை.

கடையம் வழியாகப் போகிற செங்கோட்டை வண்டி வந்தது. பை துள்ளி எழுந்தது. குத்தாலத்தின் கையைத் தோளோடு பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி பெட்டியின் வாசலுக்கு இழுத்தது, அவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான். வண்டி ஊதியது. அந்த நொடியில் பை தளர்ந்து, பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரி அவன் கையில் தொங்கிவிட்டது. அவன் காலை எடுத்துவிட்டான். வண்டி போயிற்று.

"நீயும் ஏறலியா?" என்று ஒரு குரல் கேட்டது. அவித்த கடலை விற்கிற அம்மாள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயும்னா?"

"இந்தப் பச்சையில ஒரு பிள்ள வருமே அய்யா. டிக்கெட்டக் கையில பிடிச்சுக்கிட்டு இந்தப் பெஞ்சுலதான் இருக்கும். வண்டி வந்ததும் எந்திரிக்கும், ஒரு காலப் படியில வைக்கும், எறங்கிரும். எத்தன நாளு பாத்துருக்கேன். இப்பம் கொஞ்ச நாளா காங்கல."

குத்தாலம் அந்த அம்மாள் பக்கம் திரும்பினான். தூணுக்குப் பின்னால் நின்ற நாங்களும் ஒரு அடி முன்னால் வந்தோம்.

"கூட யாரு வருவா?"

"யாரு வருவா? ஒத்தைக்குத்தான் வரும்."

"யாருகிட்டயாவது பேசுமா?"

"எங்கிட்டப் பேசும். கடல வாங்கும். அதுக்கும் சந்தேகமாய்யா ஒனக்கு?" அந்த அம்மாள் கூடையை மறுஇடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஏம்மா, டிக்கெட்ட எடுத்துட்டு ஏறாமப் போறியேன்னு ஒருநா கேட்டேன். 'அவிய வார நேரமாச்சு பெரியம்ம, உல வைக்கணும்'னுட்டு ஓடிட்டு. யாரு அந்தக் கொடுத்துவச்சவன்னு நெனச்சுக்கிட்டேன்."

குத்தாலம் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் யாரையும் பார்க்கவில்லை. எங்களுக்கு மனசு சப்பென்று ஆகிவிட்டது, எவனாவது ஒருத்தன் வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது, இவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கு. இனி அவன் பையைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ பிடிப்பான் என்று காத்திருந்தோம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் நின்றுகொண்டும் இருந்தன. அவன் பிடிக்கவில்லை. பை எழுந்திருக்கிறவரை உட்கார்ந்திருந்தான்.

பை எழுந்து வந்த வழியே வராமல் மேற்கே திரும்பியது. மேற்கே டெய்லர் கடை வாசலில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு, பையைப் பார்த்தார், குத்தாலத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு கைப்பிடி வெட்டுத்துணியை அள்ளி அதற்குள் போட்டார்.

"பிள்ள பெறந்துருக்கே, இனி துணிக்கு வரமாட்டாவன்னு நெனச்சேன். இந்தா, பிள்ளைக்குத் தலகாணி தைக்கச் சொல்லுங்க" என்றார்.

குத்தாலம் அந்த வெட்டுத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கே போயிருந்தாய் என்று கேட்ட நாளெல்லாம் அவள் அவிழ்த்துக் காட்டிய மூட்டை அதுதான். நாங்கள் மிதித்துக் கால் துடைத்த மிதியெல்லாம், அவள் ரயில் ஏறாமல் வந்த நாட்கள்தான்.

அங்கிருந்து பை நடக்கவில்லை, ஓடியது. மில் விடுகிற நேரத்துக்கு முன்னால் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று அந்தச் சேலை ஓடின ஓட்டம் அது. குத்தாலம் செருப்பு ஒன்றை வாய்க்கால் பாலத்தில் விட்டுவிட்டு ஓடினான், நாங்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினோம், தெருவில் தீப்பிடித்துவிட்டதா என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைவாசலில் சண்முகவடிவு நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"எங்க போச்சுடே?"

"வீட்டுக்குத்தான் போச்சு அக்கா."

"அதுக்கு முன்னால எங்க போச்சுன்னு கேக்கேன்."

"அதுக்கு முன்னாலயும் வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

நாங்கள் பின்பக்கமாகச் சுற்றிப் போய் அடுக்களை ஜன்னலோரம் நின்றோம். எங்கள் முகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிடிதுணி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே உலை கொதித்தது. உலகம்மாள் சாய்ந்து நின்ற தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை கட்டியும் கட்டாமலும் இருந்தது. குத்தாலம் பையை அவள் முன்னால் வைத்தான். பிறகு போட்டிருந்த சட்டையைக் கழற்றி அதையும் வைத்தான்.

"இதையும் தச்சுரு. நான் எங்க போனேன்னு நீயும் பாத்துக்கோ" என்றான்.

"ஒங்க சட்டையத் தச்சு எத்தன வருசமாச்சு" என்றாள் உலகம்மாள். "அந்தா தொங்குதுல்லா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

"எத்தன தடவ எடுத்து அடுப்புக்கிட்ட வச்சாலும், நான் திரும்புறதுக்குள்ள வெளிய போயி அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். உள்ள எட்டிப் பாத்துக்கிட்டே நிக்கும். மில்லுக்குப் போறேன்னு சொல்லிட்டு நீங்க நின்ன எடம் அதுதான? நான் உண்டு, சோத்துப் பான உண்டுன்னு இருந்தேன், நீங்க எந்நேரமும் என் முதுகுக்குப் பின்னால நின்னிய. அது தெரிஞ்ச அன்னைக்குத்தான் மொதமொத ஸ்டேஷனுக்குப் போனேன்."

துணிக்குக் கால் உண்டு என்று எங்களுக்கெல்லாம் முன்னால் தெரிந்தவள் அவள்தான். தெரிந்தும் இத்தனை வருசம் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். எங்கள் வளவில் இருந்துகொண்டு அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எங்களுக்கு விளங்கவில்லை.

உலை பொங்கிக் கஞ்சி அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்திருக்கப் போனாள். குத்தாலம் இரு என்று கையைக் காட்டினான். ஜன்னலுக்கு வந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டினான்; நீட்டின இடத்தில் எங்கள் முகங்கள் இருந்தன. எங்களைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தோம், திட்டவில்லை. ஒட்டிக்கொண்டு வர மறுத்த பிடிதுணியைக் கம்பியிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போய், அதால் பானையைப் பிடித்துச் சோறு வடித்தான். பிடிதுணி ஜன்னல் பக்கமாகத் திமிறியது, அவன் கையைத் திருகியது, பானை ஆடியது, கொதிக்கிற கஞ்சி அவன் புறங்கையில் கொட்டியது. அவன் துணியை விடவில்லை. கஞ்சி முழுக்க வடிகிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான், கண்ணில் தண்ணீர் வந்தது, அது சூட்டினால் வந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

உலகம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, எங்கள் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தினாள்.

எங்கள் வளவில் ஜன்னல் சாத்தி நாங்கள் பார்த்ததில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, உள்ளே கொக்கி முதலில் ஒரு தடவை கிரீச் என்றது, பிறகு விட்டு விட்டு, பிறகு விடாமல், கிரீச் கிரீச் என்று ஒரே தாளத்தில் கேட்டது.

"தொட்டில் ஆடுது" என்று கறிவேப்பிலை வாங்கப் போனவள் சொன்னாள்.

"என்னத்த ஆடுது? பக்கத்து வளவு மோட்டார் சத்தமா இருக்கும்ட்டி" என்றாள் சண்முகவடிவு. அப்படிச் சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனவள், விளக்கைக்கூடப் போடாமல், அன்றைக்குப் பாதி வழியில் உருவிக்கொண்டு வந்து ஆணியில் கட்டிப் போட்டிருந்த காக்கிப் பையின் சணலை அவிழ்த்தாள்.